தகுதியுள்ள நாடுகளின் பட்டியல்

பனிச்சங்கேணி ஐஸ் ஆலையின் கதவுக்கு மேலே
இரண்டு சின்னங்கள்.
ஒன்று, பணம் தந்த நாட்டின் கொடி.
மற்றது, எங்கள் நாடும் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு:
கைகோத்து நிற்கும் ஆட்களைப்போல ஏதோவொன்று.
உப்புக்காற்று முதலில் கைகளைத்தான் தின்றது.

நான் இங்கே கணக்கெழுதுகிறவள்.
மார்ச் பதினேழு, கம்பிரசருக்குள்
ஒரு றப்பர் வளையம் வெடித்தது.
கைக்குழந்தைக் காப்பின் அளவு.

கொழும்புக் கந்தோருக்கு எழுதினேன்.
கந்தோர் கூட்டமைப்பின் செயலகத்துக்கு எழுதியது.
செயலகம் பணம் தந்த நாட்டுக்கு எழுதியது.
அங்கே அப்போது நீண்ட விடுமுறை.

பதில் மே மாதம் வந்தது.
இணைப்பு நான்கு, பந்தி ஒன்பது:
உதிரிப்பாகம் தகுதியுள்ள நாடொன்றில் பிறந்திருக்க வேண்டும்.
மூன்று நாடுகளிலிருந்து மூன்று விலைக்கோரல்.
பிறப்பிடச் சான்றிதழ், அசல்.

ஓட்டமாவடியில் உதுமாலெவ்வை காக்காவின் கடையில்
அதே வளையம் ஆணியில் தொங்குகிறது,
அறுநூற்றைம்பது ரூபா.
சான்றிதழ் என்றதும் சிரித்தார்.
'களுத்துறையில மரம் அழுத பால் தங்கச்சி இது.
என்ட பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே
எழுபத்தெட்டுப் புயலோட பறந்து போயிட்டு.'

ஐஸ் இல்லாத கரையில்
விலையை வெயில்தான் பேசும்.
ஏழு மணிக்குக் கீரிமீன் கிலோ நானூறு,
ஒன்பதுக்கு இருநூறு,
பத்தரைக்கு யோகநாயகி
உப்புச் சாக்கை அவிழ்ப்பாள்.

ஒருநாள் கணக்கறைக்குள் வந்து
கதிரையில் இருக்காமலே கேட்டாள்:
'பிள்ள, இது தானமா, கடனா?'
'கூட்டமைப்புக்கு அவங்க தாறது தானம்.
கூட்டமைப்பு நமக்குத் தாறதில பாதி கடன்.'
'அப்ப அந்தப் பாதியில
ஒரு றப்பர் வாங்க ஏலாதா கா?'

அந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை.

அன்று பின்னேரம் சாவிக்கொத்தை
மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனேன்.
மறந்து என்பதை இங்கே
கொஞ்சம் அழுத்தி எழுதுகிறேன்.

காலையில் கதவடியில் ஈரம்.
மெக்கானிக் தெய்வேந்திரன் படியில் குந்தி
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.
விரல் நகங்களில் கிறீஸ்.
நான் ஒன்றும் கேட்கவில்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே யந்திரம் மட்டும்
எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

காலாண்டு அறிக்கையில் இரண்டே கட்டங்கள்:
இயங்குகிறது. இயங்கவில்லை.
இயங்கவில்லை என்றதில் சரி அடையாளம் போட்டேன்.
அன்றைக்கு மட்டும்
இயங்காத யந்திரம் நூற்றெண்பது பாளம் தந்தது.
அந்தக் கணக்கு யோகநாயகியின் மகனுடைய
சமயபாடக் கொப்பியின் பின்பக்கத்தில்.

செப்டெம்பரில் பழுதைப் பார்க்க வந்தார்கள்,
நாட்டிலிருந்து இருவர், செயலகத்திலிருந்து ஒருவர்.
வெக்கை.
யாரோ ஐஸ் போட்டுச் சோடா கொடுத்துவிட்டார்கள்.
வெள்ளைக்காரப் பெண் கிளாஸைக் கன்னத்தில் வைத்து
கண்ணை மூடினாள். பிறகு கேட்டாள்:
ஐஸ் எங்கிருந்து?
'வாழைச்சேனை' என்றான் தெய்வேந்திரன்.
என் வேலை மொழிபெயர்ப்பதும்தான்.
வாழைச்சேனை எந்த மொழியிலும் வாழைச்சேனை.

செயலகத்து மனிதர் ஒன்றும் பேசாமல்
போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தார்.
எங்களைப்போலவே கறுப்பு, எங்களைப்போலவே மீசை.
அவருடைய ஊரிலும் ஒரு கரை இருக்கலாம்.
கதவு நடுங்கிக்கொண்டிருந்தது.
நனைந்த கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு
பேனையை மூடினார்.

வளையம் நவம்பரில் வந்து சேர்ந்தது.
மரப்பெட்டி, அதற்குள் மட்டைப்பெட்டி, அதற்குள் பஞ்சு.
மூன்று கையொப்பம், இரண்டு முத்திரை.
இரண்டு மில்லிமீற்றர் பெரிசு.

வெளியே வாடைமழை.
வள்ளங்கள் கவிழ்த்துக் கிடக்கின்றன,
ஐஸ் கேட்டு ஒருவரும் இல்லை.
நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே
என் முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.
சமயபாடக் கொப்பியை எடுத்து முதல் வரியைப் பார்த்தேன்:
றப்பர், 650. தந்தவர்:
அதற்குப் பிறகு வெறும் கோடு.
இரண்டையும் ஒரே லாச்சிக்குள் வைத்துத் தள்ளுகிறேன்.
மூடுதில்ல.
பெட்டி பெரிசு.