கட்ட நகர்வு

குளுகோர் சரிவில், ஆய்வகத்தின் பின்கட்டில்
பதினான்கு மீட்டர் கண்ணாடித் தொட்டி.
ஒரு முனையில் பலகை. தள்ளினால்
ஒரே ஒரு மேடு எழும்.
பின்னால் பள்ளம் இல்லை,
துணைக்கு இன்னொரு திரை இல்லை,
அப்படியே மறுமுனைக்குப் போகும்.

தனியலை என்று தமிழில் எழுதி
தொட்டியின் மேல் டேப் ஒட்டியிருக்கிறேன்.
யார் பெயர் இது என்று கேட்டார் ஹம்சா.
என் பெயர்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

மேட்டுக்குள் இரண்டு பிடிவாதங்கள்.
ஒன்று உச்சியை முன்னே நெட்டித் தள்ளி
செங்குத்தாக்கி உடைக்கப் பார்க்கும்.
மற்றது ஒவ்வொரு அலைநீளத்தையும்
ஒவ்வொரு வேகத்தில் அனுப்பி
மேட்டைக் கஞ்சியாகக் கரைக்கப் பார்க்கும்.
இரண்டும் விட்டுக்கொடுக்காததால்
மேடு நிற்கிறது.
எங்கள் வீடும் பதினொரு வருடம்
இப்படித்தான் நின்றது.
வகுப்பில் இதைச் சொல்வதில்லை.

ஒரு வியாழக்கிழமை,
விளக்கு மாற்ற ஏணியேறிய ஹம்சாவின் காலிலிருந்து
ஜப்பான் சிலிப்பர் ஒன்று நழுவி
ஓடிக்கொண்டிருந்த அலையின் தோளில் விழுந்தது.
அலை தடுமாறியது.
கடன்காரன் முன்னால் சில்லறையை வீசுவதுபோல்
சிறு சிறு திரைகளைப் பின்னால் உதிர்த்தது.
பிறகு மறுபடி மேடு,
மயிரிழை தாழ்ந்து, ஆனால் அதே சாயல்.
கேமராவை நிறுத்தி அளந்தேன்:
செருப்பு விழாதிருந்தால் இருந்திருக்கும் இடத்துக்கு
ஆறு சென்டிமீட்டர் பின்னே.

நிலைத்தன்மை என்றால் இவ்வளவுதான்.
அதே இடத்தில் இருப்பது அல்ல.
நகர்ந்ததை மன்னித்துவிடு,
வடிவத்தை மட்டும் ஒப்பிடு.
தேற்றத்தின் முதல் வரியே அந்த மன்னிப்புதான்.

நான்காம் அடுக்கு வரை நிரூபணம் உண்டு.
ஐந்தில் இல்லை.
ஐந்தில் அலை ஒடுங்கி ஒடுங்கி, உயர்ந்து உயர்ந்து
முடிவுள்ள நேரத்தில் முடிவிலியாகக்கூடும்.
ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட் ஐந்தாம் மாடி.
தற்செயல். பதிவுக்காகச் சொல்கிறேன்.

நேற்று பாலத்தின் நடு ஏற்றத்தில்,
மோட்டார் சைக்கிள் தடத்தில்,
ஜெயசீலன் என்னைத் தாண்டிப் போனான்.
நெட்டையன்.
உயர்ந்த அலை வேகமாகப் போகும் என்று
யாரும் அவனுக்குச் சொன்னதில்லை;
எப்போதும் அப்படித்தான் ஓட்டுவான்.
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கவில்லை.
மூன்று விளக்குக் கம்பங்கள் வரைக்கும்
இரண்டு சட்டைகளும் ஒரே காற்றில் புடைத்தன.
எது யாருடைய நிழல் என்று
அந்த மூன்று கம்பங்களுக்குள் சொல்லமுடியாது.
பிறகு அவன் முன்னே, நான் பின்னே.
அவன் வேகம் அவனுக்கு, என் வேகம் எனக்கு.

கீழே நீர் தட்டையாக இருந்தது.
தட்டை ஒரு சாட்சியம் அல்ல.
வடக்கே அந்தமான் கடலின் வயிற்றுக்குள்
மாடிக்கட்டிடம் உயரத்துக்கு அலைகள் போகின்றன.
மேலே மிதக்கும் கப்பலுக்கு
ஒரு பட்டை சொரசொரப்பு மட்டும் தெரியும்.

ஒன்றை ஒன்று கடந்த தனியலைகள்
எதையும் காட்டிக்கொள்வதில்லை.
நெடியது கொஞ்சம் முன்னே தள்ளப்பட்டிருக்கும்,
குறியது கொஞ்சம் பின்னே.
கரையில் நிற்பவன் பார்த்தால்
ஒன்றுமே நடக்கவில்லை.
நேரக் கணக்கு வைத்திருப்பவளுக்குத்தான்
கணக்கு உதைக்கும்.

பிறையில் அக்ரிலிக் பலகை விற்கும் ஓங் கடைக்கு
வழக்கமாக இருபத்திரண்டு நிமிடம்.
நேற்று இருபத்தாறு.
ரோடு ஜாமா என்றார் ஓங்.
இல்லை என்றேன்.
பலகையை அவர் அறுக்கும் வரை நின்றபடியே
குறிப்பேட்டில் நான்கு என்று எழுதினேன்.
அலகு போட மறந்துவிட்டேன்.