பதினான்காவது காக்கை

கோவண்டியில் ஏழு அங்கன்வாடி.
மையத்துக்கு ஒரு லட்டு:
ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் ராஜ்கிரா,
மூன்றில் வேர்க்கடலை, இப்படி.
ஆறு மாதம் கழித்து
விரல்நுனியில் ஊசி, அழுகை, பஞ்சு.
நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் ஹீமோகுளோபின்
ஒரே எக்ஸெல் தாளாகப்
பரேலின் நான்காம் மாடிக்கு ஏறி வந்தது.

ஒன்றும் இரண்டும். டி-சோதனை. இல்லை.
ஒன்றும் மூன்றும். இல்லை.
இரண்டும் ஐந்தும்.
இல்லை.
கல்யாணத் தரகர்கூட இத்தனை ஜாதகம் பார்த்திருக்க மாட்டார்.
ஏழு பேருக்குள் இருபத்தொரு ஜோடி.

பதினான்காவதில்,
மூன்றும் ஆறும்:
பி-மதிப்பு 0.041.

டாக்டர் ம்ஹஸ்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"இது போதும். இதை மட்டும் எழுது.
மிச்சம் இருபதுக்கும் பத்திரிகையில் இடம் ஏது?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழும்,
விழட்டும்.
இருபத்தொரு காக்கையை நானே ஓட்டிவிட்டு
விழுந்த ஒரு பழத்தின் கீழே
கேமராவோடு நின்றதும் நான்தானே.

அன்று கடைசி லோக்கலை விட்டுவிட்டேன்.
மழை. மாடியில் காவலாளியும் நானும்.
யாருக்கு எந்த லட்டு என்ற பத்தியை அழித்துவிட்டு
எல்லாரையும் குலுக்கி
ஏழு கூறு வைத்தேன்,
லட்டே இல்லாத ஏழு கூறு.
இரண்டும் ஏழும்: 0.03!
மறுபடி குலுக்கினேன், ஒன்றுமில்லை.
மறுபடி. நான்கும் ஐந்தும்.
பத்துக் குலுக்கலில் நான்கு தடவை
எங்கேயோ ஒரு ஜோடி
என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

நூற்றுக்கு ஐந்து பொய் என்பது
ஒரு கேள்விக்கான சலுகை.
நான் பதில் பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான்
உண்மையான ஏழையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து
அனோவாவில் ஒரே ஒரு தடவை கேட்டேன்:
உங்களில் யாராவது வேறா?
0.38.
ஏழும் தோளைக் குலுக்கின.

தாளை மூடப் போகும்போது
வரிசை 231.
தபஸ்ஸும், வயது மூன்று,
7.9இலிருந்து 10.6.
ஐந்தாவது மையம், எந்த ஜோடியிலும் ஜெயிக்காத மையம்.
லட்டா, மழைக்கு முந்திய மாம்பழமா,
அப்பாவுக்கு வேலை கிடைத்ததா,
என் தாளில் அதற்குப் பத்தி இல்லை.
ஆனாலும் அவளுக்கு ஏறியிருக்கிறது.
ஏழு மையத்திலும் கொஞ்சம் கொஞ்சம்
ஏறித்தான் இருக்கிறது.

காலையில்
இருபத்தொன்றையும் அட்டவணையில் போட்டேன்,
மேலே அந்த 0.38.
பக்கம் நீண்டுவிட்டது.
ம்ஹஸ்கர் அதைப் பார்த்தபடி
டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.
ஏஸி பெட்டி மேல்
நனைந்த காக்கை ஒன்று.
அவர் இன்னும் குடிக்கவில்லை.