ஆறு மிட்டாய்

போ நதிச் சமவெளியில் நவம்பர் பனி
சன்னலுக்கு வெள்ளையடித்துவிட்டிருந்தது.
குருத்வாராவின் பின்னறை, முன்பு
பாலாடைக்கட்டி அடுக்கிவைத்த கிடங்கு.
ஈரம் ஏறினால் சுவர் இன்னும் அதையே மணக்கும்.

எனக்குப் பத்தொன்பது வயது.
"டீச்சர்" என்றால் திரும்பிப் பார்க்க
ஒரு நொடி பிந்துகிறது.
பலகையில் மூன்றை எழுதினேன்:
பெயரை நினை. உழைத்து உண். பகுத்து உண்.

"உழைக்கிறதுன்னா?"
"எங்கப்பா," என்றான் குர்னிவாஸ்.
விடியாத மூன்று மணிக்குத் தொழுவம் போகிற அப்பா.
நூற்றிருபது மாடு, எல்லாவற்றுக்கும் இத்தாலியப் பெயர்.
"மாடும்தான் உழைக்குது," என்றாள் இபாதத்,
"அதுக்கு யார் பங்கு குடுப்பாங்க?"
அதற்கு நான் தயாரித்து வரவில்லை.

பகுத்துண்ணத் தயாராகத்தான் வந்திருந்தேன்,
பை நிறைய இல்லை, பையின் மூலையில்
எலுமிச்சை மிட்டாய்.
பிள்ளைகள் ஏழு. மிட்டாய் ஆறு.
தந்திரமெல்லாம் இல்லை, கடையில் எண்ணத் தவறினேன்.
பிறகு தந்திரம் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

கடித்து உடைக்கலாமா என்றது ஒரு குரல்.
சீ, எச்சில் என்றது இன்னொன்று.
அன்ஹத் ஆறை ஏழால் வகுக்க
விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினான்.
மேசைக்கடியில் யாரோ யாரையோ உதைத்தார்கள்.

நீலப் பட்கா நெற்றிக்குச் சரிய
"எனக்கு எலுமிச்சை பிடிக்காது" என்றான் குர்னிவாஸ்.
அவ்வளவுதான். ஆறு கன்னம் உப்பியது.
தாள்கள் சரசரத்தன. அவன் மட்டும்
மணிக்கட்டு வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்,
அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

பிறகு லங்கர். தரையில் நீள வரிசை.
எனக்கு எதிரே சம்மணமிட்டவன்
பருப்பு ஊற்ற வந்தவரை நிறுத்தி
"எலுமிச்சை இருக்கா?" என்றான்.
பிழிந்தான். பிழிந்த தோலையும் விடவில்லை,
வாயில் கவ்வி, கண்ணை இறுக்கி
உச்சந்தலைக் கொண்டை ஆட ஆட உறிஞ்சினான்.

நிமிர்ந்தான்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.
காது இரண்டும் சிவந்தன,
அவனுக்கா எனக்கா தெரியவில்லை.
அதற்குள் ரொட்டி வந்தது.
இருவரும் இரண்டு கைகளையும் ஏந்தினோம்.

அறையைப் பூட்டத் திரும்பியபோது
பலகையின் மேல் ஓரத்தில்
போன வாரம் நானே எழுதியது, அழியாமல்:
பொய் சொல்லக் கூடாது.

துடைப்பானோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
வெளியே பனிக்குள் ஒரு டிராக்டர்
விளக்கு மட்டுமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
ஓர் எழுத்தையும் தொடாமல்
சுவிட்சை அணைத்தேன்.