மரை

காலை ஐந்தே முக்கால். மைனஸ் பதினெட்டு.
இரவுப் பணி முடிந்து வந்தால்
வீட்டு வழியின் வாயை அடைத்துக்கொண்டு
கவுன்டி லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனிமேடு:
இடுப்புயரம், உப்பும் சரளையும் கலந்து
கல்லாக இறுகியது.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இதுதான் வழக்கம்.
கேளாமலே வாரி வழங்கும் ஏரி.
வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று
ஒருத்தரும் சொல்ல முடியாது.

காரைச் சாலையோரம் விட்டுக் கொட்டகைக்கு நடந்தேன்.
டிராக்டர் முதல் திருப்பிலேயே இருமிக்கொண்டு எழுந்தது.
அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.
முன்னால் இருக்கும் பனித்தகடுதான்
வலத்தோள் சரிந்து தொங்குகிறது.

எதிர்வீட்டு வெய்னோ காப்பிக் கோப்பையோடு வந்தார்.
கேபிள் அறுந்திருக்கும், என்றார்.
இந்த வண்டியில் கேபிளே இல்லை. கம்பிதான்.
அப்படியானால் பெல்ட், என்றார்.
பெல்ட்டுக்கும் தகடு சாய்வதற்கும்
என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.
அவர் காப்பியிலிருந்து எழுந்த ஆவி
அவரையே நம்பிக்கொண்டிருந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்து மண்டியிட்டேன்.
சறுக்குக் கால்கள் இரண்டும் ஒரே உயரம்.
விளிம்புப் பட்டை தேய்ந்திருக்கிறது, ஆனால் நேராக;
மார்ச் வரை தாங்கும்,
பிறகு தலைகீழாக மாற்றிப் பூட்டலாம்.
கோணம் பிடிக்கும் பின் தன் துளையில் இருக்கிறது,
துளை கொஞ்சம் முட்டை வடிவாகிவிட்டாலும்.

பிறகு ஸ்பிரிங்குகள்.
இடது, சும்மா இருக்கிறது.
வலது, தட்டினால் வீணைக் கம்பி.
அதைத் தாங்கும் இரும்புக் காது
பின்பக்கம் மடங்கிப்போயிருக்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
ஜனவரி முதல் வாரம்.
ஒவ்வொரு பனிக்கட்டிக்கும் தலைகுனிகிறதே இந்தச் சனியன் என்று
ஆத்திரத்தில் வலது நட்டை
மரை தெரியாத அளவுக்கு முறுக்கினேன்.
இடதுக்கு வருவதற்குள் வார்டிலிருந்து போன்.
அப்புறம் ஓடையோரக் கல்லில் ஒரு மோதல்.
தகடு குனியவில்லை.
குனிய வேண்டியதை நான்தான் பூட்டியிருந்தேன்.

கேஸ் விளக்கால் காதைச் சிவக்கக் காய்ச்சி
சம்மட்டியால் நான்கு அடி.
ஐந்தாவது அடி என் கட்டைவிரலுக்கு.
வலது நட்டு நான்கு சுற்றுத் தளர்வு,
இடது நட்டு இரண்டு சுற்று இறுக்கம்.
பனி ஒட்டாதிருக்கத் தகட்டின் முகத்தில்
பிறந்தநாள் மெழுகுவத்தி ஒன்றைத் தேய்த்தேன்,
ஹில்மாவின் ஒன்பது, இளஞ்சிவப்பு.

மேட்டை முட்டாமல் ஓரத்திலிருந்து
கேக் மாதிரி துண்டு துண்டாக அறுத்தேன்.
நாலாம் துண்டில் அதே கல்.
தகடு டொம்மென்று முன்னால் கவிழ்ந்தது,
தாண்டியதும் டங்கென்று நிமிர்ந்தது.
ஸ்டியரிங் கூட அதிரவில்லை.
சிரித்தேன், தனியாக, சத்தமாக.
மரை கழண்டவள் என்று
நினைத்திருப்பார் எதிர்வீட்டுக்காரர்.

ஏழரை மணிக்கு அவர் தன் வாசலிலிருந்து கத்தினார்:
என்ன கோளாறு?

பெல்ட்தான், என்றேன்.