ஜெபக் குறிப்பில் ஒரு கோள்

ஜனவரியில் பெர்சிஸிடம்தான் முதலில் சொன்னேன்.
ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.
நூற்றுப்பத்து ஒளியாண்டுக்கு அப்பால்
மங்கிய சிவப்பில் ஒரு நட்சத்திரம்,
பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை
ஆயிரத்தில் ஒரு பங்கு கண் சிமிட்டுகிறது.
எதுவோ குறுக்கே போகிறது.
கணக்குப்படி அங்கே தண்ணீர்
உறையாது, கொதித்தும் போகாது.

'யாராவது இருப்பாங்களா?'
'தெரியாது.'
'இருந்தா, அவங்களுக்கும் சேர்த்துத்தான் மரிச்சாரா?'
கரண்டியை நிறுத்திக் கேட்டாள்.
கிண்டல் இல்லை அதில்.
நான்தான் சிரித்தேன்.

அன்றிரவு அவள் ஜெபக் குறிப்பேட்டில்
அத்தை மகனின் விசா,
மூன்றாம் படுக்கை ரஹ்மத்துல்லாவின் சிறுநீரகம்,
அதற்கடியில் என் கோளின் எண்,
ஒரு இலக்கமும் பிசகாமல்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து
கே.ஆர். புரத்திலிருந்து கிளெமென்ட் வருவான்.
அக்காவின் மீன்குழம்புக்கு, பிறகு எனக்கு.
'கொஞ்சம் கிட்டப் போயிருந்தா வெந்திருப்போம்,
கொஞ்சம் தள்ளியிருந்தா விறைச்சிருப்போம்.
அளந்து வெச்சது யாரு? அதை மட்டும் சொல்லு.'

இந்த ஊரில் வீடு தேடிய கதையைச் சொன்னேன்.
கறி சாப்பிடுவீங்களா,
கல்யாணம் ஆகலையா,
நீங்க என்ன ஆளுங்க,
பத்து மாத அட்வான்ஸ்.
முப்பத்தொரு கதவு மூடி
முப்பத்திரண்டாவது திறந்தது.
'அதை எனக்காகவே கட்டினாங்கன்னு சொல்வியா?
மூடினதையும் எண்ணு கிளெமென்ட்.
வெள்ளி ஒரு கதவு. செவ்வாய் ஒரு கதவு.'

முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னான்:
'திறந்ததும் ஒரு வீட்டுக்காரர்தானே.'

மார்ச்சில் போர்வெல் காற்றைத் துப்பியது.
ஹொரமாவு முழுக்கக் காலிக் குடங்களின் சத்தம்.
'குடியிருக்கத் தகுந்த மண்டலம்' என்று
நான் எழுதிய தமிழைப் படித்துவிட்டு
'குடிக்க இருந்தாத்தானே குடியிருக்க' என்றாள்.
டயாலிசிஸ் பிரிவில் வேலை அவளுக்கு.
நாலு மணி நேரம் ஒரு ஆளின் ரத்தம் கழுவ
நூற்றிருபது லிட்டர்.
என்னைவிட அவளுக்குத் தெரியும்
உயிர் எத்தனை குடம் என்று.

ஏப்ரலில் முடிந்தது.
பின்னால் ஒளிந்திருந்தவை இரண்டு நட்சத்திரங்கள்,
ஒன்றை ஒன்று மறைத்து விளையாடுபவை.
கோள் இல்லை.
கோள் சொல்லியிருக்கிறது வெளிச்சம்,
நாங்கள் நம்பியிருக்கிறோம்.

இரவு இரண்டு மணி. லாரிக்காகக்
கீழே சம்ப் மூடியின்மேல் உட்கார்ந்திருந்தோம்.
சொன்னேன்.
வெகுநேரம் பேசவில்லை.
'அப்போ நாலு மாசமா இல்லாததுக்கா நான்...'
பாதியில் நிறுத்தினாள்.
மீதி என் நாக்கு நுனியில் இருந்தது,
நன்றாகத் தீட்டிய மீதி.
விழுங்கினேன். வறண்ட தொண்டை, மெதுவாகத்தான் இறங்கியது.

'தப்புன்னா எழுதிக் கொடுத்திடுவீங்களா?'
'திங்கட்கிழமை. என் பேர் போட்டு.'
'அழுதியா?'
'பாத்ரூம்ல. சத்தம் மறைக்கத் திறந்துவிடக்
குழாயில தண்ணி இல்ல.'
அவள்தான் முதலில் சிரித்தாள்.

லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்தது.
'நீரு பந்து' என்று குரல் கொடுத்தான் டிரைவர்.
கன்னடத்தில் தண்ணீர் வந்துவிட்டது;
தமிழ்க் காதுக்கு
ஒரு நீர்ப் பந்து.
குழாய் திமிறியது. இருவருமாய்ப் பிடித்தோம்.
லோடுக்கு ஆயிரத்து எண்ணூறு,
சில்லறை இல்லை என்றான்.

காலையில் மேசையில் குறிப்பேடு திறந்தே கிடந்தது.
அவள் வேலைக்குப் போயிருந்தாள்.
எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தாள்,
மருத்துவமனைப் பதிவேட்டில் திருத்துவதுபோல்,
அடித்தது படிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் தேதி, சிறிய கையெழுத்து.
பிறகு:
இரண்டு நட்சத்திரங்கள்.

கிளெமென்டிடம் இன்னும் சொல்லவில்லை.