பல் டாக்டர்

ஓட்டேரிக்கு மேலே இருக்கும் அந்தப் பாறைக்குப்
பல் டாக்டர் என்று பெயர் வைத்தவன் இம்தியாஸ்.
வைத்த அன்றைக்கே நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டான்.
முன்பல் ஒன்று, பக்கத்துப் பல்லில் பாதி.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் இப்போதும்
பேசுகிறவர்கள் கண்ணைப் பார்ப்பதில்லை,
அந்த இடைவெளியைப் பார்த்தே பேசுகிறார்களாம்.

எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை.
வாரம் ஆறு நாள் மணிக்கட்டு, காலர் எலும்பு, இடுப்பு.
மூச்சைப் பிடிங்க. ஆடாதீங்க. விடுங்க.
உடைந்து வருகிறவர்களில் பாதிப் பேர்
குளியலறையில் வழுக்கியவர்கள்.
அம்மாவிடம் சொன்னேன்.
அதுக்கு நீ மலைமேலதான் குளிக்கணுமா என்றாள்.

மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள்.
செய்யட்டும்.
மேலே நின்றால் பாதை முழுக்கத் தெரிகிறது,
எந்தக் கல்லும் ஒளிந்துகொள்ள முடியாது,
நானும்தான்.

முதல் ஞாயிறு பாறையோடு ஒட்டி நின்று அளந்தேன்.
என் தோள் வரை.
நடந்து இறங்கினேன்.
அடுத்த ஞாயிறு, விழும் இடத்தில் உதிரிச் சரளை.
காலால் தள்ளினால் அடியில் இன்னும் சரளை,
அதற்கும் அடியில் ஆட்டுப்புழுக்கை.
நடந்து இறங்கினேன்.
மூன்றாம் ஞாயிறு எல்லாம் சரியாக இருந்தது,
என்னைத் தவிர.
இரவு டியூட்டி முடித்த கண்ணுக்கு
ஒரே விளிம்பு இரண்டாகத் தெரிந்தது.
சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டேன்.
இம்தியாஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அதற்காகத்தான் அவனோடு வருகிறேன்.

பயத்தை விரட்டிவிடு என்கிறார்கள்.
விரட்டினால் பாவம் அது எங்கே போகும்,
இந்த மலையில் ஒதுங்க நிழலா இருக்கிறது?
பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பேன்:
எதைப் பார்த்தாய், சொல்.
கல் ஆடுகிறது என்றால் இறங்கிக் கல்லை ஆட்டிப் பார்ப்பேன்.
பின் பிரேக் கத்துகிறது என்றால் திருகு சாவியை எடுப்பேன்.
ஒன்றும் சொல்லத் தெரியாமல்
சும்மா வயிற்றைப் பிசைந்தால்,
சரி வா, நீயும் ஏறிக்கொள்,
ஹேண்டிலை மட்டும் தொடாதே.

நாலாவது ஞாயிறு, காலை ஆறே முக்கால்.
பாறை இன்னும் சுடவில்லை, பனி காய்ந்திருந்தது.
டயரில் காற்றைக் கொஞ்சம் விட்டேன்.
சீட்டை அடிவரை இறக்கினேன்.
கீழே இம்தியாஸ்,
போனில் நூற்றெட்டை அடித்துவிட்டு
பச்சைப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலைத்
தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

பயப்படும் கல்லைப் பார்த்தால்
சக்கரம் அந்தக் கல்லுக்கே போகும்.
ஆடு மேய்க்கிறவர் விட்டுப்போன
நீல கேன் ஒன்று தூரத்தில் கிடந்தது.
அதைப் பார்த்தேன்.
பிரேக்கெல்லாம் விளிம்புக்கு முன்னாலேயே, விளிம்பில் இல்லை.
இடுப்பு பின்னால், முழங்கை அகலமாய்.
மூச்சைப் பிடிக்கச் சொல்ல யாருமில்லை.
விட்டுக்கொண்டே

கேன் பெரிதாகிக்கொண்டு வந்தது.
அதன்மேல் ஒட்டியிருந்த பாமாயில் படம் வரை தெரிந்தது.

அவ்வளவுதான்.
இரண்டு நொடி இருக்கும்.
வீடியோ எடுக்கவில்லையா என்றேன்.
கையில ஆம்புலன்ஸ் இருந்துச்சே என்றான்.

வீடு சத்துவாச்சாரியில்.
தொரப்பாடி டீக்கடையில் போண்டா தின்றோம்,
வாய் ஓயாமல் பேசினேன்.
கிரீன் சர்க்கிளில்
இடப்பக்கம் திருப்பத்தூர் பஸ்,
வலப்பக்கம் மணல் லாரி,
எதிரே தவறான வழியில்
நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர்.
இங்கே பார்த்துவைக்க ஒரு நீல கேன் இல்லை.
யாருடைய பிரேக்கையும் நான் முறுக்கிப் பார்த்ததில்லை.
அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது,
மணிக்கட்டில் ஆரம்பித்து, காலர் எலும்பு வரை,
படம் எடுத்திருந்தால் கலங்கித்தான் விழுந்திருக்கும்.

இறங்கினேன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே
சாலையைக் கடந்தேன்.