நெட்டை

வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே
ராத்திரி ஒன்பதரைக்குக் கடை கழுவுவார் பீர் மைதீன்.
அதற்குள் நான் போய்விட வேண்டும்.
சாத்துக்குடித் தோல் தனி, அன்னாசித் தோல் தனி,
ஏத்தன் தோல், அது களக்காட்டுச் சரக்கு,
வேறொரு சாக்கில்.
"மாட்டுக்கா?" என்றார் முதல் நாள்.
"பூஞ்சைக்கு" என்றேன்.
"அது எத்தனை லிட்டர் கறக்கும்?"

பாளையங்கோட்டை பஸ்ஸில்
சாக்குக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
நாற்றத்துக்குக் கிழிக்கவில்லை, நல்ல மனுஷர்.

பூஞ்சை எங்கே கிடைத்ததென்று கேட்டால்,
வீரவநல்லூருக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில்,
வெள்ளைப்பாண்டியின் பிசான நாற்றங்காலில்.
எல்லா நாற்றும் ஒரு சாண் நிற்கையில்
பத்திருபது மட்டும் வெளிறி, மெலிந்து,
ஒன்றரைச் சாணுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.
"வளந்துருக்குன்னு பாக்காதிய.
நெல்லு வைக்காது. சாவும்."
பிடுங்கி வரப்பில் எறிந்தார்.
நான் குனிந்து பொறுக்கினேன்.
நாற்றுப் பறிக்கிறவள் ஒருத்தி சொன்னாள்,
"நெட்டைக்கு நெட்டை துணை."
நான் ஐந்தடி பத்தங்குலம்.
பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும்
இஞ்சு டேப் கொண்டுவராதது ஒன்றுதான் குறை.

வேரில் புகுந்த பூஞ்சை சுரப்பது ஒரே ஒரு சொல்:
வளர்.
நாற்று நம்பிவிடுகிறது.
தண்டுக்குப் பருமன் உண்டா, இலைக்குப் பச்சை உண்டா,
எதையும் விசாரிக்காமல்
உயர்ந்து உயர்ந்து ஒருநாள் படுத்துவிடுகிறது.
அதே சொல்லைக் கணக்காய்க் கரைத்து
எலுமிச்சைக்குத் தெளித்தால்
காய் மஞ்சளாக மறந்து கிளையிலேயே நிற்கும்,
புளியங்குடி சந்தையில் விலை ஏறட்டும் என்று.
கொல்கிற சொல்லும் காக்கிற சொல்லும் ஒன்றுதான்;
மில்லிகிராமில்தான் வித்தியாசம்.

எலுமிச்சைத் தோலிலேயே வளர்த்துவிடலாம் என்று
ஆசைப்பட்டேன்.
மூன்று முறையும் தோலெண்ணெய் என் பூஞ்சையைக் கொன்றது.
சாத்துக்குடியும் அப்படித்தான், கொஞ்சம் மரியாதையாக.
ஏத்தன் தோல்தான் இடம் கொடுத்தது.
மொட்டை மாடியில் காயவைத்து, மாவாக்கி,
ஆவியில் அவித்து, ஆறவிட்டு, வித்து தூவி மூடினேன்.
மூன்றாம் நாள் பஞ்சு படர்ந்தது.
ஐந்தாம் நாள் அடியில் இளஞ்சிவப்பு.
ஆறாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது.

சித்திரை மாதம். இருபத்தெட்டு டிகிரியில் இருந்த பெட்டி
மூச்சு முட்டத் தொடங்கியது.
வாட்ச்மேன் ஞானதிரவியம் கோணிச்சாக்கு கொண்டுவந்தார்.
நனைத்துக் குடுவைகளைச் சுற்றினேன்.
காய்ந்தது, நனைத்தேன். காய்ந்தது, நனைத்தேன்.
காய்ச்சல் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிறாப்ல இருக்கு என்றார்.
பிள்ளை பழத்தோல் தின்னுகொண்டிருந்தது.
இரண்டேமுக்காலுக்கு விசிறி சுற்றியது.
நான் ஏன் அழுதேன் என்று எனக்கே தெரியாது.

வடித்ததைக் குள்ள ரக நெல்லுக்கு
தொட்டிக்கு ஒரு சொட்டு வைத்தேன்.
வெறும் தண்ணீர் குடித்தவை பதினொரு சென்டிமீட்டர்.
என் சொட்டைக் குடித்தவை பத்தொன்பதரை.
ஸ்கேலை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.
பிறகு நிமிர்ந்தேன், முழு உயரத்துக்கும்;
கதவு நிலையில் தலை இடித்தது.

சீசாவைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார் பீர் மைதீன்.
உப்புக்கல் அளவுகூட இல்லாத வெள்ளைத் தூள்.
"ஏம்மா, நாலு சாக்குத் தோலுக்கு இவ்ளோதானா?"
"இவ்ளோதான்."
"மாட்டுக்கே போட்டிருக்கலாம்" என்றார்.
அவர் சொல்வதிலும் தப்பில்லை.
கடை கழுவிய தண்ணீர் எங்கள் இருவர் காலையும்
நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

மறுநாள் சாக்கில், தோல்களுக்கு நடுவே,
முழு ஏத்தன் பழம் ஒன்று.
தவறி விழுந்ததா, பூஞ்சைக்கா, எனக்கா,
நான் கேட்கவில்லை.
உரித்துத் தோலை எடை போட்டேன்.
அறுபத்திரண்டு கிராம். நோட்டில் எழுதினேன்.
பழத்தைத் தின்றேன்.